மூலிகை மருந்து என்று நான் சொன்னது

மொழிபெயர்ப்பாளர் சங்கத்தவராகிய நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு சொற்பட்டியல். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்க்கப் போகிற புதியவர்களுக்கு உதவும், எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று எழுதித் தாருங்கள் என்றீர்கள். நானும் இரண்டு நாட்கள் எழுதிப் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். சொற்களை எங்கேயும் தேடி எடுத்துக்கொள்ளலாம். நான் தெரிந்தே சொல்லாமல் விட்ட ஒரு சொல்லைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும். அதை இதுவரை இரண்டு பேருக்கு முன்னால் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இன்று கனடாவின் இந்த நகரத்தில் கஞ்சா விற்கும் கடைகள் கோப்பிக் கடைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தொண்ணூறுகளில் அப்படி இல்லை. அதை வைத்திருப்பது குற்றம். நோயாளி என்றாலும் குற்றம். எந்த வைத்தியரும் அதற்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. சட்டத்தில் ஒரேயொரு சிறு கதவு இருந்தது: மருத்துவத் தேவை இருப்பவருக்கு அமைச்சர் விரும்பினால் விதிவிலக்கு அளிக்கலாம். பல ஆண்டுகள் அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. தொண்ணூற்றொன்பதில்தான் அது கொஞ்சம் திறந்தது. எப்படி விண்ணப்பிப்பது, வைத்தியர் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வழிமுறை வந்தது. நோய் என்ன, இதுவரை எந்தெந்த மருந்து கொடுத்தும் பயன் இல்லை, கஞ்சா எப்படி உதவுகிறது என்று வைத்தியர் கையெழுத்திட வேண்டும். அதாவது எல்லாமே வைத்தியரின் கோப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதில் தங்கியிருந்தது. தமிழ் மட்டும் பேசும் நோயாளியின் கோப்பில், மொழிபெயர்ப்பாளர் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கும்.

என்னைப் பற்றி ஒரு விடயம் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். யாழ்ப்பாணத்தில் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். சாட்சிக் கூண்டில் நிற்பவர், குற்றம் சாட்டப்பட்டவர் பேசிய நாலு வரித் தூஷணத்தை அப்படியே சொன்னால், ‘எதிரி தகாத வார்த்தைகளால் ஏசினார்’ என்று நீதவானுக்கு ஒரே வரியில் முடித்துவிடுவேன். அதைத் திறமை என்று எல்லோரும் மெச்சினார்கள். பிறகு சண்டைக்காலம் வந்தது. பிடித்துச் சென்ற பிள்ளைகளைத் தேடி இராணுவ முகாம் வாசலுக்குப் போகும் தாய்மார் ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு தாய் அதிகாரியின் முகத்துக்கு நேரே ‘உன்ரை குலம் அழிஞ்சுபோகும்’ என்று சபித்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். ‘மகனை ஒருமுறை பார்க்க அனுமதி கேட்கிறார்’ என்றேன். அன்று அது சரியான முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பழக்கத்தோடுதான் நான் கனடாவுக்கு வந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் ஒருநாள் எங்களுக்கு எதிராக வரும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. முகாம் வாசலில் உயிர் காத்த பழக்கம் இங்கே என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி எழுதுகிறேன். தவமலர். நாற்பத்தாறு வயது. கணவருடன் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்தார். கணவர் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்தார். இருவரையும் அகதிகளாக ஏற்றுக்கொண்டு விட்டார்கள். நிரந்தர வதிவிட உரிமைக்கான விண்ணப்பம் குடிவரவுத் திணைக்களத்தில் கிடந்தது. தவமலருக்கு மார்பகப் புற்றுநோய். ஒருமுறை குணமாகி, மறுபடி வந்திருந்தது. மருந்து ஏற்றிய பிறகு ஒரு கிழமைக்குத் தண்ணீரும் தங்காது, வாந்திதான். சத்தியை நிறுத்தக் கொடுத்த குளிசைகளும் சத்தியோடு வெளியே வந்துவிடும். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார்.

தொண்ணூற்றெட்டு வசந்தகாலத்தில் ஒருநாள் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அவரைப் பார்த்தபோது முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

‘என்ன தங்கச்சி, தேறியிருக்கிறீர்?’ என்றேன்.

‘நேற்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டனான் அண்ணை. மீன் சொதியோடை. என்ரை அவர் சட்டியை எட்டிப் பாத்திட்டு, எனக்கு ஒண்டும் மிச்சமில்லையோ எண்டு கேக்கிறார்.’

‘புது மருந்தோ?’

‘உள்ளை வந்து டொக்ரருக்குச் சொல்லுறன், அப்ப கேளுங்கோவன்’ என்று சிரித்தார்.

வைத்தியர் ஐம்பது வயதுப் பெண். அதிகம் பேசாதவர். நிறைப் பதிவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ‘நிறை கூடியிருக்கிறது. நல்லது. என்ன மாற்றம் செய்தீர்கள்?’ என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

தவமலர் நேராக உட்கார்ந்துகொண்டு, வைத்தியரைப் பார்த்தே சொன்னார்: ‘நான் கஞ்சா பத்திறன். எங்கடை மாடியிலை ஒரு வெள்ளைக்கார மனுசி இருக்கிறா. அவவின்ரை மகன் நோயிலை செத்தவன். அவனுக்கு உதுதான் சாப்பாட்டை இறக்கினதெண்டு எனக்குத் தந்து, சுத்தவும் பழக்கினவ. இரண்டு இழுவை. அரை மணித்தியாலத்திலை பசிக்குது. கூடாதெண்டால் டொக்ரர் சொல்லட்டும், விட்டிடுறன்.’

அந்த நாட்களில் இங்கத்தைய பத்திரிகைகளில் தமிழர் என்றாலே குழுச் சண்டையும் கடன் மட்டைக் களவும்தான். நல்ல குடும்பத்துப் பெண், கோவிலுக்குப் போகிறவர், அரசாங்கச் சம்பளம் வாங்கும் வைத்தியருக்கு முன்னால் இருந்துகொண்டு கஞ்சா பத்துகிறேன் என்கிறார். இதை எழுதினால் அந்தக் காகிதம் எங்கே போகும்? குடிவரவுக்குப் போகும். அங்கிருந்து பொலிசுக்குப் போகும். இரண்டு பேருடைய விண்ணப்பமும் போய்விடும். இவ்வளவையும் நான் இரண்டு விநாடியில் யோசித்தேன். நான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்றே நம்பினேன்.

வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்: ‘வீட்டில் ஒரு ஹேர்பல் மருந்து எடுக்கிறாராம். ஊர் வழக்கம். அது வயிற்றுக்கு இதமாக இருக்கிறதாம். தொடரலாமா என்று கேட்கிறார்.’

வைத்தியர் கோப்பில் ஹேர்பல், அதாவது மூலிகை மருந்து, என்று எழுதினார். பிறகு தவமலரைப் பார்த்துச் சிரித்து, ‘உதவுகிறது என்றால் தொடருங்கள்’ என்றார்.

அதை நான் தமிழில் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

வெளியே வந்ததும் தவமலர் என் கையைப் பிடித்தார். ‘பாத்தீங்களே அண்ணை, ஒரு சொல்லு ஏசேல்லை. நான் இரவு முழுக்கப் பயந்துகொண்டு கிடந்தனான். என்ன நல்ல மனுசி!’

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். லிஃப்ற் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்தி இரண்டு விடயம் சொல்கிறேன். நான் பயந்த பயத்துக்கு இங்கே ஆதாரமே இல்லை. நோயாளி தன் வைத்தியரிடம் சொல்வது இரகசியம். நோயாளியின் சம்மதமின்றி அந்தக் கோப்பு குடிவரவுக்குப் போகாது. நோயாளி தன் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டி எழுதிச் சேர்க்கச் சொல்லலாம். இவை எல்லாம் அப்போதே இருந்த உரிமைகள். எனக்குத் தெரியாது. தெரியாததை யாரிடமும் கேட்கவும் இல்லை. நீதிமன்றத்தில் இருபது வருடம் நின்றவனுக்குச் சட்டம் தெரியும் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தேன்.

இரண்டாவது, இதைவிட மோசமானது. நான் ஒரு வாக்கியத்தை மாற்றியதால் இரண்டு பேருடைய தலைக்குள் இரண்டு வேறு உலகங்கள் உருவாகின. வைத்தியரின் உலகத்தில் தவமலர் ஏதோ வேரோ இலையோ குடிக்கிறார். தவமலரின் உலகத்தில் வைத்தியரே கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அதுவரை பயந்து பயந்து, கதவின் அடியில் ஈரத்துவாய் வைத்துப் பத்தியவர், அதற்குப் பிறகு துவாய் வைப்பதை விட்டுவிட்டார்.

மறுவருடம் மாசி மாதம் கணவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் பதறியது.

‘அண்ணை, பொலிஸ் வந்தது. மணக்குதெண்டு ஆரோ கட்டிடத்துச் சூப்பிரண்டனுக்குச் சொல்லியிருக்கினம். நான் வேலையிலை. உவள் கதவைத் திறந்து உள்ளுக்கு வாங்கோ எண்டிருக்கிறாள், விருந்தாளியளைக் கூப்பிடுற மாதிரி! தனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷிலை, மை டொக்டர் நோ, மை டொக்டர் நோ, டொக்ரருக்குத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு அலுமாரியிலை இருந்து கஞ்சா வைச்சிருந்த பேணியை எடுத்துத் தானே நீட்டியிருக்கிறாள் அண்ணை!’

‘பொலிஸ் என்ன சொன்னது?’

‘ஆர் தந்ததெண்டு கேட்டிருக்கிறாங்கள். இவள் வாய் திறக்கேல்லை. கோட்டுக்கு வரச்சொல்லிக் காயிதம் குடுத்திட்டுப் போயிட்டாங்கள். டொக்ரருக்கு எல்லாம் தெரியும், அவ ஒரு கடிதம் தந்தால் முடிஞ்சுது எண்டு உவள் சிரிச்சுக்கொண்டு இருக்கிறாள். எனக்குத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.’

கோப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

சட்ட உதவியில் ஒரு இளம் சட்டத்தரணி கிடைத்தார். கெட்டிக்காரப் பெண். வைகாசியில் அவருடைய அலுவலகத்தில் சந்திப்பு. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மருத்துவமனைக்குப் போன நானே சட்டத்தரணியிடமும் போனேன். போயிருக்கக்கூடாது. மறுத்திருக்க வேண்டிய முதல் வேலை அதுதான். ஆனால் வேறொருவர் போனால் என்ன வெளியே வருமோ என்ற பயம் என்னை அங்கே கொண்டுபோய் இருத்தியது.

சட்டத்தரணி உற்சாகமாக இருந்தார். அமைச்சு புதிதாக வழிமுறை வெளியிட்டிருக்கிறது, வைத்தியர் கையெழுத்து வைத்தால் விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம், அதுவரை வழக்கைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், அரசுத் தரப்பு விட்டுக்கொடுக்கவும் கூடும் என்று சொன்னார். பிறகு வைத்தியரிடமிருந்து வந்த கடிதத்தை எடுத்தார். அவருடைய குரல் மாறியது. அதை மெதுவாக வாசித்தார். நான் தமிழில் சொன்னேன்.

‘நோயாளி ஹேர்பல் மருந்து எடுப்பதாக என்னிடம் கூறினார். கஞ்சா என்று எந்தச் சந்தர்ப்பத்திலும் கூறவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரியும் என்று என்னால் எழுத முடியாது. தற்போதைய நிலையில் விண்ணப்பத்துக்கு ஆதரவளிக்கவும் தயங்குகிறேன்.’

தவமலரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

‘அண்ணை, நீங்கள்தானே இருந்தனீங்கள். நான் சொன்னனான் தானே?’

சட்டத்தரணியும் என்னைப் பார்த்தார். ‘என்ன கேட்கிறார்?’

‘வைத்தியரிடம் தான் சொன்னதாகச் சொல்கிறார்’ என்றேன்.

‘அன்றைக்கு மொழிபெயர்த்தது நீங்களா?’

நான் தலையசைத்தேன்.

‘அவர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? நீங்கள் அதை ஒரு சத்தியக்கடதாசியில் எழுதித் தந்தால் வழக்கே மாறிவிடும்.’

எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. உங்களுக்கும் படிப்பித்திருப்பார்கள். சந்திப்பு முடிந்ததும் குறிப்புகளை அழித்துவிட வேண்டும்; கேட்டதை வெளியே பேசக்கூடாது. நோயாளியைக் காப்பதற்காக எழுதிய விதி அது. நான் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

‘மன்னிக்க வேண்டும். எங்கள் நெறிமுறைப்படி நான் எதையும் சொல்ல முடியாது. குறிப்புகளும் இல்லை. ஒருநாளில் ஐந்தாறு பேரைப் பார்க்கிறேன், எல்லாம் நினைவில் நிற்காது’ என்றேன்.

தன்னுடைய இரகசியத்தைச் சொல்லும்படி நோயாளியே கேட்கும்போது அந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது? சட்டத்தரணி அதைக் கேட்டிருக்கலாம். அவருக்கு வயது குறைவு. எனக்கோ நரைத்த தலையும் கோட்டும் சூட்டும். மரியாதை காரணமாக விட்டுவிட்டார்.

‘அண்ணை, அவ என்ன கேட்டவ?’ என்று தவமலர் கேட்டார்.

‘எனக்குக் கதைக்க அனுமதி இல்லை தங்கச்சி. சட்டம் அப்பிடி.’

‘அப்ப சொன்னனீங்கள் தானே? டொக்ரருக்கு?’

‘ஓம்’ என்றேன்.

அந்த ‘ஓம்’ என்ற சொல்லைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். மருத்துவமனையில் சொன்னதற்குப் பயம் என்று ஒரு காரணமாவது சொல்லலாம். இதற்கு என்ன காரணம்? மருத்துவமனைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். சனம் என்ன கதைக்கும் என்ற வெட்கம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

வழக்கை நடத்த ஆதாரம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனைப் பதிவு இல்லாமல், ஒரு வருட நன்னடத்தை நிபந்தனையோடு விடுவிப்பார்கள், வதிவிட விண்ணப்பத்துக்கும் பாதிப்பில்லை என்று சட்டத்தரணி சொன்னார். கணவருக்கு அந்தக் கடைசிப் பகுதி போதுமாக இருந்தது. ஆனியில் ஒப்புக்கொண்டார்கள்.

நீதிமன்றத்திலும் நான்தான். நீதிபதி முதியவர், பொறுமையானவர். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தவமலரைக் கேட்டார்.

தவமலர் எழுந்து நின்றார். மருந்தால் முடி கொட்டியிருந்ததால் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தார்.

‘நான் டொக்ரருக்குச் சொன்னனான் ஐயா. அவவுக்கு விளங்கேல்லைப் போலை. நான் வடிவாச் சொல்லியிருக்க வேணும். என்ரை பிழைதான்.’

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அரசுத் தரப்புச் சட்டத்தரணி கூடத் தலையைக் குனிந்துகொண்டார். சட்ட அனுமதியின்றி எந்தப் போதைப்பொருளும் வைத்திருக்கக்கூடாது என்று நீதிபதி நிபந்தனை விதித்தார். தவமலர் கையெழுத்து வைத்தார். வெளியே மண்டபத்தில் வைத்து என்னிடம், ‘உங்களுக்கும் எவ்வளவு கரைச்சல் தந்திட்டன் அண்ணை’ என்றார்.

அன்றோடு கஞ்சாவை அடியோடு நிறுத்தினார். நீதிபதிக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாயிற்று என்று அதே மாடியில் இருந்த பெண் தந்ததையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ‘சட்ட அனுமதியின்றி’ என்ற சொற்களை நான் மொழிபெயர்த்தேன்தான். விதிவிலக்குக் கிடைத்தால் அது சட்ட அனுமதி, கையெழுத்தை மீறியதாகாது என்று சட்டத்தரணியைக் கொண்டு விளக்கச் செய்வது ஒரு நிமிட வேலை. அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால் பழைய கேள்வியும் மறுபடி வரும். நான் எடுக்கவில்லை. ஆடி, ஆவணி இரண்டு மாதத்தில் தவமலர் பழையபடி எலும்பும் தோலுமானார்.

புரட்டாதியில் மருத்துவமனையிலிருந்து என்னை அழைத்தார்கள். அதே அறை, அதே வைத்தியர். தவமலரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கணவர் வேலையில். வைத்தியர் நிறைப் பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘நான் அந்தப் புதிய வழிமுறையை வாசித்தேன். சென்ற முறை நடந்ததை விட்டுவிடுவோம். கஞ்சா உங்களுக்கு உண்மையாகவே உதவியதா? உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் கையெழுத்து வைக்கிறேன்.’

நான் தமிழில் சொன்னேன். தவமலர் வைத்தியரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

‘அண்ணை, இந்த முறை நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. முந்தி நான் கஞ்சா எண்டு சொன்னனான். நீங்கள் ஹேர்பல் எண்டு சொன்னனீங்கள். என்ரை காதிலை விழுந்தது. கசாயத்தைப் பற்றி ஏதோ விளங்கப்படுத்திறியள் எண்டு நினைச்சன். லோயர் அதே சொல்லை வாசிக்கேக்கைதான் எனக்கு விளங்கினது. கோட்டிலை உங்களைக் காட்டிக்குடுக்க மனம் வரேல்லை. ஊரிலை காட்டிக்குடுத்து அழிஞ்ச சனம் நாங்கள். ஆனால் இப்ப எனக்குப் பசிக்கோணும் அண்ணை. பசி வராமல் செத்துக்கொண்டிருக்கிறன். சொல்லுங்கோ.’

நோயாளி ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்று சொல்ல வேண்டும். அது முதல் பாடம். நான் சொன்னேன்: ‘நான் கஞ்சா என்றுதான் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை மாற்றிச் சொன்னார்.’ அவருடைய கோபத்தை என் வாயால், என்னைப் பற்றி, எனக்கு முன்னால் இருப்பவருக்கு முழுவதுமாகச் சொல்லி முடித்தேன். பசியைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது.

வைத்தியர் பேனாவை மேசையில் வைத்தார். ‘இது உண்மையா?’ என்று என்னைக் கேட்டார்.

‘உண்மை’ என்றேன்.

அவர் ஏசவில்லை. தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைக்கப்போவதாகவும் நான் வெளியே இருக்கலாம் என்றும் சொன்னார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு இளம்பெண்ணின் குரல் கேட்டது. வைத்தியர் கேட்டதை அந்தக் குரல் தமிழில் கேட்டது. தவமலர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னது. கஞ்சா என்ற சொல் அந்தக் குரலில் வந்தபோது அதில் எந்தத் தடக்கலும் இல்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வைத்தியர் படிவத்தில் கையெழுத்து வைத்து, கோப்பின் பிரதியோடு ஒட்டாவாவிலுள்ள அமைச்சுக்கு அனுப்பினார். அந்த மருத்துவமனை அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை, வெறுமனே அழைக்கவில்லை. நீதிமன்றங்கள் அழைத்தன. இன்னும் பல வருடம் வேலை செய்தேன். ஓய்வு பெற்றபோது நீண்டகாலச் சேவைக்கென்று ஒரு கேடயம் தந்தீர்கள். உங்களில் மூத்தவர்கள் அன்று கைதட்டினீர்கள்.

தவமலர் அனுமதி வரும்வரை அதைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். கார்த்திகையில் இறந்துபோனார். பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்தேன். செத்தவீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை.

மார்கழியில் கணவர் தொலைபேசி எடுத்தார். ஒட்டாவாவிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, ஆங்கிலம் கடினமாக இருக்கிறது, வந்து வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். வேறு யாரையாவது கேளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. போனேன்.

மேசையில் தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கடிதம் ஒரு பக்கம்தான். விண்ணப்பம் கிடைத்தது, வைத்தியரின் படிவத்தில் நோயாளி முன்னர் கஞ்சா பயன்படுத்திப் பயனடைந்ததாக இருக்கிறது, ஆனால் அதே காலத்துக் கோப்பில் ஹேர்பல் மருந்து என்று இருக்கிறது, இந்த முரண்பாட்டைத் தெளிவுபடுத்தி எழுதினால் விண்ணப்பத்தைத் தொடர்ந்து பரிசீலிக்கலாம். அவ்வளவுதான்.

‘என்ன போட்டிருக்குது அண்ணை?’

வாசித்ததை வாசித்தபடியே தமிழில் சொன்னேன்.

‘எனக்கு விளங்கேல்லை. அவள் கஞ்சா எண்டுதானே சொன்னவள்? உதை ஆர் பேந்து மூலிகை எண்டு எழுதினது?’

‘டொக்ரர் எழுதினவ. நான் அப்பிடிச் சொன்னபடியால் எழுதினவ. தங்கச்சி சரியாத்தான் சொன்னவ. நான்தான் மாத்திச் சொன்னனான்.’

அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

‘அவளுக்குத் தெரியுமோ?’

‘தெரியும். டொக்ரருக்கு முன்னாலை என்னைக் கேட்டவ.’

‘எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே’ என்றார். ‘ஏன் சொல்லாமல் விட்டவள்?’ என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கல்ல.

கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். நான் எழும்பப் பார்த்தேன்.

‘இருங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது, குடிச்சிட்டுப் போங்கோ’ என்று சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் குடித்து முடித்து, சப்பாத்தைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வெளியே வரவில்லை.